இருபது மீட்டர்

போக்குவரத்து அலுவலகத்தின் பின்பக்க அறைக்குள் நுழையும்போதே வேன்காரன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. போன் பேசிக்கொண்டே ஓட்டினான் என்று லைசென்சையும் வேனையும் பிடுங்கி வைத்துவிட்டார்கள். பதினெட்டு வருஷமாக ஸ்டியரிங் பிடிப்பவனுக்கு ஒரு மணி நேரப் பாடமாம்! அதைக் கேட்டு முடித்தால்தான் இரண்டும் திரும்பக் கிடைக்கும். நாளைக் காலையில் வேன் போய் நிற்காவிட்டால் முதலாளி வேறு ஆளை வைத்துவிடுவார். அப்புறம் வீட்டில் மூன்று பேரும் பட்டினிதான்.

பகல் மூன்று மணிக்கே அந்த அறை இருண்டு கிடந்தது. ஜன்னலை மறைத்துப் பழைய ஃபைல் கட்டுகள். காயாத துணியின் வாடை. வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் அவன் ஒருவன்தான்.

பாடம் நடத்த வந்த இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு ஆரம்பித்தார். “பெல்ட்டைப் போட்டுட்டுத்தான் சாவியத் திருப்பணும். முன்னாடி போற வண்டிக்கும் உனக்கும் ரெண்டு செகண்ட் இடைவெளி. மழைன்னா நாலு. காதுல விழுதா?”

“விழுது சார். சட்டுபுட்டுனு முடிங்க.”

“ரொம்பத் துள்ளாதே. அறுபதுல போறே. குனிஞ்சு போனைப் பாக்குறே. எவ்வளவு நேரம்?”

“ரெண்டு செகண்ட். அதுல என்ன குடி முழுகிடப் போகுது?”

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

“முப்பத்தி மூணு மீட்டர்,” என்றது ஒரு பெண் குரல். “நான் இருபதுல நின்னேன்.”

திரும்பிப் பார்த்தான்.

யாருமில்லை. கடைசி நாற்காலிக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

போன மாசம், கொட்டுகிற மழையில், போனைப் பார்த்துக்கொண்டே போனபோது வேனின் முன்பக்கத்தில் ஏதோ மோதியது. நாயாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிறுத்தாமல் போய்விட்டான். நாய் குடை பிடிக்குமா, படுபாவி! பம்பரில் சிக்கியிருந்த குடைக்கம்பியைப் பிடுங்கி எறிந்ததைப் பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

“யார்மேலயாவது மோதிட்டா முதல்ல என்ன செய்யணும்?” என்றார் இன்ஸ்பெக்டர். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

இவன் மறுபடி பின்வரிசையைப் பார்த்தான்.

“நிறுத்தணும்.” இப்போது குரல் காதோரம் கேட்டது, ஈர மூச்சோடு. “நான் ரொம்ப நேரம் உயிரோடதான் கிடந்தேன்.”

“வாயில என்னய்யா கொழுக்கட்டை? சொல்லு!”

“நி... நிறுத்தணும் சார்.”

“நீ யாரையாவது இடிச்சிருக்கியா?”

ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருக்கலாம். பிழைப்பு கண்முன் வந்து நின்றது.

“சத்தியமா இல்ல சார்.”

இன்ஸ்பெக்டர் முத்திரை குத்தி லைசென்சையும் வேன் சாவியையும் தூக்கிப் போட்டார்.

வெளியே வெயில் கொளுத்தியது. தப்பித்தோம்டா என்று வேனில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, இண்டிகேட்டர் போட்டுச் சாலைக்கு வந்தான்.

எதிரே அவள் நின்றாள்.

உச்சி முதல் உள்ளங்கால் வரை நனைந்து, இருபது மீட்டர் தூரத்தில். பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து, இவனை முந்தி, அவள் ஊடாகவே போனது. அவள் அசையவில்லை.

வேனைப் பக்கத்துத் தெருவுக்குள் திருப்பினான்.

அங்கேயும் நின்றாள். அதே தூரம்.

ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தான்.

அதிலும் நின்றாள்.