பால் ஊற்றுகிறவளின் படத்தடியில்

கோணேசர் கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதென்றுதான் முதலில் பேச்சு. தூரத்து உறவில் ஒரு சாவு விழுந்து துடக்காகிவிட, கோயில் வாசல் மிதிக்க முடியாமல் போயிற்று. சுவிஸ் மாப்பிள்ளைக்கோ லீவு முடியப் போகிறது. துறைமுகத்தடி அருங்காட்சியகத்தில் ஒல்லாந்து ஓவியர் வெர்மீரின் படப் பிரதிகள் வைத்திருக்கிறார்களாம்; தற்செயலாகச் சந்தித்த மாதிரி இருக்கட்டும் என்று புரோக்கர் யோசனை சொன்னார். மாப்பிள்ளை நீலச் சேட் போட்டுக்கொண்டு, பால் ஊற்றும் பெண்ணின் படத்தடியில் நிற்பார். அடையாளம் அவ்வளவுதான்.

சிவரூபிக்கு எந்த இடமென்றாலும் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் காலை முழுக்க நின்று மருந்து கொடுத்ததில் கால்கள் கடுத்தன. எத்தனை பேர் பார்த்தாயிற்று... எத்தனை பேர் ‘பிறகு சொல்லுறம்’ என்று போய்ச் சொல்லாமலே விட்டார்கள்... இன்றைக்கு வருகிறவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் தலையாட்டிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவெடுத்துவிட்டாள். பிடிப்பது, பிடிக்காதது எல்லாம் அவளுக்கு அலுத்துவிட்டது.

மழை பிடித்துக்கொண்டது. அம்மா தங்கேஸ்வரி வாசலில் நின்றுகொண்டு மகளை மட்டும் உள்ளே அனுப்பினார்.

படத்தடியில் நீலச் சேட் நின்றது. தலைமுடியில் மழைத்துளி. கண்கள்... அந்தக் கண்களை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேச்சு வந்திருக்காது.

“ஒண்டு சொல்லட்டா? பிடிக்கேல்லையெண்டா இப்பவே சொல்லிப்போடுங்கோ. பிறகு ஆள் விட்டுச் சொல்லாதேங்கோ. எனக்குக் களைச்சுப்போச்சு.”

அவன் திகைத்தான். பிறகு மெல்லச் சிரித்தான்.

“பிடிக்காமப் போக என்ன இருக்கு?”

“நீங்கள் இன்னும் என்னைப் பாக்கவே இல்லையே.”

“நீங்களும்தான்... படத்தையெல்லோ பாக்கிறீங்கள்.”

உண்மைதான். படத்துப் பெண் குனிந்து சட்டியில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள். யார் நிற்கிறார்கள், யார் போகிறார்கள் என்ற கவலையே அவளுக்கு இல்லை.

“குடுத்து வச்சவ,” என்றாள் சிவரூபி. “ஊரே வந்து பாக்குது. அவ ஒருத்தரையும் நிமிந்து பாக்கத் தேவையில்லை.”

“ஊத்தி முடிய அவவுக்கும் கால் நோகும். நீங்கள் இதில இருங்கோவன்... கால் மாத்தி மாத்தி நிக்கிறீங்கள்.”

பார்க்க வந்த ஒருவனும் அவள் காலைக் கவனித்ததில்லை. யன்னலோர மர வாங்கில் உட்கார்ந்தாள். கதை கதையாக வந்தது. வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பும் வந்தது.

“சிவரூபி...” அம்மாவின் குரல். அவருக்குப் பின்னால் ஒரு தாயும், இன்னொரு நீலச் சேட்டும். “மழையால சுணங்கிப்போச்சாம். இவர்தான் சுவிஸில இருந்து வந்த தம்பி, ரஜீவன்.”

அவளுக்கு முகம் எரிந்தது. “அப்ப நீங்கள் ஆர்?”

“ரிஷிகேசன். சல்லிக் கிராமத்தில போட் எஞ்சின் திருத்துறனான். மழைக்கு ஒதுங்கினனான்.”

“முதலே சொல்ல வாயில்லையோ?”

“சொல்லியிருந்தா நீங்கள் எழும்பிப் போயிருப்பீங்கள்... பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

கொட்டுகிற மழைக்குள் இறங்கி நடந்தான்.

ரஜீவன் நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளைப் பார்த்தான், தன் தாயைப் பார்த்தான், “எனக்குச் சம்மதம்,” என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டான். தங்கேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் காத்திருந்த சொல் அல்லவா. இனி மகள் தலையை ஆட்ட வேண்டியதுதான் பாக்கி.

தலை ஆடவில்லை.

“எனக்கு ஏலாது, அம்மா.”

“உனக்கென்ன விசரோ? அந்த எஞ்சின்காரனுக்காகவோ?”

“அவர் இந்நேரம் என்னை மறந்தும் போயிருப்பார். அதுக்காக இவருக்குப் பொய்யாத் தலையாட்ட ஏலாது.” ரஜீவனிடம் திரும்பி மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பிள்ளை பெருந்தன்மையாகத்தான் வழிவிட்டான்.

பஸ் தரிப்பில் ரிஷிகேசன் சேட்டைப் பிழிந்துகொண்டு நின்றான். தெப்பமாக நனைந்து வந்தவளைக் கண்டதும் கூரைக்குள் இடம்விட்டு ஒதுங்கினான்.

“உங்களோட எனக்கு இன்னும் கோவம்தான்,” என்றாள்.

“ஓம்...”

“கன வருசமா எனக்கு ஒரே களைப்பு. உங்களோட கதைச்ச நேரம் அது எங்க போனதெண்டு தெரியேல்ல...” இப்போதுதான் அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள். “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

ஒருவரும் கேட்காமல் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.