அருவிக்குப் போன கடைசிப் படகு

ஊர் உலகமெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போன அருவியை, அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்த முந்திரிக்கொட்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் நிஜம்.

முந்திரிக்கொட்டை என்பது அவளுடைய மாமா வைத்த பட்டப்பெயர். கேள்வியை முடிக்கும் முன்பே பதிலைச் சொல்லிவிடுவாள். எல்லாவற்றிலும் முந்திக்கொள்கிறவள், அருவி விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டுவிட்டாள்.

அருவிக்குப் படகில்தான் போக முடியும். மாமா சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். அம்மா படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட்டுகளைப் பார்த்துக்கொள்கிறாள். விடுமுறை நாட்களில் படகில் இடம் இருக்காது. மற்ற நாட்களில் பள்ளிக்கூடம்.

"அருவி எங்க ஓடிப்போகப் போகுது? அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் சொல்வாள்.

கடைசியில் அருவி ஓடித்தான் போகப்போகிறது. ஆற்றின் கீழ்ப்பக்கம் புதிதாக ஓர் அணை கட்டியிருக்கிறார்கள். நாளைக் காலையில் மதகுகளை மூடுகிறார்கள். தண்ணீர் ஏற ஏற அருவி அதில் மூழ்கிவிடும். அதனால் இன்று துறையில் கூட்டமான கூட்டம்.

"கடைசிச் சவாரியில உனக்கு ஒரு இடம். இது மாமா வாக்கு" என்று மாமா சொல்லியிருந்தார்.

காலையிலிருந்து அவள் அம்மாவுக்கு ஒத்தாசையாக நின்றாள். நனைந்து வரும் ஜாக்கெட்டுகளைப் பிழிந்து, கொக்கிகளைச் சரிபார்த்து, சின்னது, நடுத்தரம், பெரியது என்று தனித்தனிக் கயிற்றில் போட்டாள். நல்ல கொக்கியுள்ள சின்ன ஜாக்கெட் ஒன்றைத் தனக்கென்று எடுத்து வைத்தாள்.

சாயங்காலம் அதை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் படகில் ஏறி, முன்வரிசையில் உட்கார்ந்தாள். அக்கரையில் சுற்றுலாக்காரர்கள் கழற்றிப் போட்ட ஜாக்கெட்டுகளைப் பொறுக்க அம்மா பரிசலில் போயிருந்தாள்.

படகு கிளம்பும் நேரத்தில் ஒருவர் ஓடிவந்தார். முகத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடி. கையில் ஒரு குட்டிப் பையன், பள்ளிக்கூடம் போகும் வயதுகூட இல்லை.

"இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்குல்ல? டிக்கெட் இருக்கு!"

"வாங்க, வாங்க, சீக்கிரம்" என்றார் மாமா. கயிற்றில் சின்னதோ நடுத்தரமோ ஒன்றுகூட மிச்சமில்லை. மாமா ஒரு பெரிய ஜாக்கெட்டை எடுத்துப் பையனுக்கு மாட்டி, இடுப்பில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டார்.

அதைப் பார்த்ததும் முந்திரிக்கொட்டைக்குச் சுருக்கென்றது. ஜாக்கெட் சரியான அளவா என்று தெரிந்துகொள்ள அம்மா ஒரு சோதனை செய்வாள். தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்குவாள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் உதவாது. தண்ணீரில் விழுந்தால் அது மட்டும் மிதக்கும். ஆள் கீழே நழுவிவிடுவான்.

அவள் எழுந்து போய்ப் பையனின் தோள்பட்டையைத் தூக்கினாள். ஜாக்கெட் காதைத் தாண்டித் தலைக்கு மேலேயே போய்விட்டது.

"மாமா, இது சரிப்படாது!"

"முடிச்சுப் போட்டிருக்கேன்ல? அவங்கப்பா பிடிச்சுக்குவாரு. நீ போய் உக்காரு."

"ஆமா பாப்பா, உன் வேலையைப் பாரு" என்றார் கறுப்புக் கண்ணாடி.

"அப்போ தம்பியை இங்கயே விட்டுட்டுப் போங்க, சார். எங்கம்மா வந்து பார்த்துக்குவாங்க."

"நல்லா இருக்கே! காசு கொடுத்து டிக்கெட் எடுத்தது கரையில நிக்கவா?"

முந்திரிக்கொட்டை மாமாவைப் பார்த்தாள். மாமா சூரியனைப் பார்த்தார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. படகில் இருந்த மற்றவர்களும் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. தன்னுடைய ஜாக்கெட்டைக் கழற்றிப் பையனுக்கு மாட்டினாள். கொக்கிகளைப் போட்டாள். கால்களுக்கு இடையில் போகும் பட்டையை இறுக்கினாள். தோள்பட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அசையவே இல்லை.

"சரி, பெருசை நீ போட்டுக்க. யாரு பார்க்கப் போறா?" என்றார் மாமா.

போட்டுப் பார்த்தாள். அருவியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், பாதி தூரம்தான் தூக்கினாள். பிறகு மனசு கேட்காமல் நன்றாகத் தூக்கினாள். அவளுக்கும் அது காதுக்கு மேலே போனது.

"எனக்குத்தான் நீச்சல் தெரியுமே, மாமா?"

"அருவிக்குக் கீழ சுழல் இருக்கு. அங்க நீச்சலெல்லாம் எடுபடாது" என்ற மாமா, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

முந்திரிக்கொட்டை படகிலிருந்து இறங்கினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடிக்காரர் பையனோடு போய் முன்வரிசையில், அவளுடைய இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

படகு வளைவில் மறைந்த பிறகு அம்மா வந்தாள். நடந்ததைக் கேட்டதும் கையிலிருந்த ஜாக்கெட்டுகளைத் தொப்பென்று போட்டாள்.

"பெரியவங்க ஜாக்கெட்டையா குழந்தைக்குக் கட்டுனான்? வரட்டும் அவன்! நான் இங்க இருந்திருந்தா..."

"இருந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?"

அம்மா கயிற்றைப் பார்த்தாள். சின்ன ஜாக்கெட் ஒன்றுதானே இருந்தது? மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

இருட்டத் தொடங்கும்போது படகு திரும்பியது. முந்திரிக்கொட்டை ஓடிப்போய்ப் பையனின் முன்னால் மண்டி போட்டாள்.

"அருவி எப்படி இருந்துச்சு? ரொம்ப உயரமா? சாரல் அடிச்சுதா?"

பையன் கண்ணைக் கசக்கினான். "தெரியலக்கா. தூங்கிட்டேன்."

"போகும்போதே தூங்கிட்டான். எழுப்பி எழுப்பிப் பார்த்தேன், அசைஞ்சாத்தானே!" என்று அவன் அப்பா சிரித்தார்.

"நீங்க படம் எடுத்தீங்களா, சார்? காட்டுறீங்களா?"

அவர் போனை நீட்டினார். படம் முழுக்க அவருடைய முகம். அவர் தோளுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் அருவியாம். அடுத்த படத்திலும் அவரே. அதற்கடுத்ததிலும் அவரே. முந்திரிக்கொட்டை போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவர் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையன்தான், தூக்கக் கலக்கத்தோடு, கழற்றிய ஜாக்கெட்டை இரண்டு கைகளாலும் ஏந்தி அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். அது நனையவே இல்லை.

மாமா தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சமாளிக்கப் பார்த்தார்.

"பார்த்தியா முந்திரிக்கொட்டை, ஒண்ணுமே ஆகல! தண்ணி தேமேன்னு கெடந்துச்சு. நீ பெரிய ஜாக்கெட்டோடயே வந்திருக்கலாம். வீணா அருவியை விட்டுட்டியே!"

இனி அந்த அருவியை அவள் பார்க்கவே முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஒண்ணும் ஆகலதானே, மாமா?"

"ஆகல."

"அதுக்குத்தான் குடுத்தேன்."