நடுக்கம் ஏறாத குரல்

அன்று அந்தத் திரையறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். படத்தின் இயக்குநர் ஆதிரை. ஒலிப் பொறியாளர் இருதயராஜ். நினைவு ஆணையத்தின் மேற்பார்வையாளர் கலியபெருமாள். காலமான நடிகர் சபாநாயகத்தின் மகள் மங்கையர்க்கரசி. சபாநாயகத்தின் தம்பியும் அந்தக் குடும்பத்தில் இன்று மூத்தவருமான தணிகாசலம். ஆறாவதாக ஒரு குரலும் இருந்தது. அதைத்தான் யாராலும் பயமுறுத்த முடியவில்லை.

திரையில் ஓர் அதிகாரி துப்பாக்கியை நீட்டினார். சபாநாயகமாக நடித்தவன் முகம் வியர்த்து, உதடு துடிக்க, மண்டியிட்டான். ஆனால் அவன் வாயிலிருந்து வந்த குரல், பந்தியில் இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்று கேட்பதுபோல இதமாக இருந்தது.

"என்னை விட்டுடுங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா."

இருதயராஜ் படத்தை நிறுத்தினார். "காலையிலேருந்து இதே கதைதான். கெஞ்சச் சொன்னா கொஞ்சுது."

தணிகாசலம் சிரிக்கவில்லை. மெத்தை வைத்த நாற்காலியிலும் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். "இயந்திரத்துல கோளாறு. சரி பண்ணுங்க," என்றார்.

அந்த நாட்டில் அந்தக் குரலை அறியாதவர் கிடையாது. பேரதிபர் ஆட்சியைப் பிடித்தபோது அவருக்கு எல்லாம் இருந்தது, குரலைத் தவிர. உடைந்த மூக்குக் குரல். மேடையில் வாயைத் திறந்தால் கூட்டத்தின் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பும். அப்போது வந்தது குரலச்சு. ஒரு மனிதனின் தொண்டையை வார்ப்பான் என்ற இயந்திரத்தில் ஒருமுறை வார்த்துவிட்டால் போதும். பிறகு எவர் எதை எழுதிக் கொடுத்தாலும் அது அந்த மனிதனின் குரலில் பேசும். வானொலி நாடகங்களில் சின்ன வேடங்கள் கட்டிக்கொண்டிருந்த சபாநாயகத்தின் தொண்டை அதற்குப் பிடித்துப்போயிற்று. அதன்பின் பேருந்து, மின்தூக்கி, மருத்துவமனை வரிசை, வீட்டுச் சுவரின் ஒலிபெருக்கி எங்கும் அதே குரல்தான். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை வணக்கம் சொன்னதும், ஊரடங்கை அறிவித்ததும், பிடித்துச் செல்லப்பட்டவர்களின் பெயர்களை வாசித்ததும் அதுவே.

பேரதிபர் வீழ்ந்ததும் அந்தக் குரலுக்குச் சட்டம் தடை விதித்தது. அச்சு முத்திரையிட்டுப் பூட்டப்பட்டது. மனிதர் மட்டும் வெளியே இருந்தார். சந்தைக்குப் போனால் கத்தரிக்காயை விரலால் சுட்டிக் காட்டுவார். ஒருநாள் மறந்துபோய் விலை கேட்டுவிட்டார். கடைக்காரம்மா தராசைக் கீழே போட்டுவிட்டு மகனை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அதன்பிறகு அவர் வாய் திறக்கவேயில்லை. ஊமையாகவே இறந்தார்.

குடும்பத்தைக் காப்பாற்றியது பேரதிபர் காலக் குற்றங்களை விசாரித்த நினைவு ஆணையத்தின் முன் தணிகாசலம் சொன்ன வாக்குமூலம்: "அண்ணன் குரலைத் துப்பாக்கி முனையில் வாங்கினார்கள்." அவர் அதை நிமிர்ந்து நின்று சொன்னார். வீட்டு ஜன்னலில் கல் விழுவது நின்றது. மங்கைக்குக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. ஒரு தெருவுக்குச் சபாநாயகத்தின் பெயரே வந்தது. இப்போது படமும் வருகிறது. இறந்தவரின் குரலச்சைத் திறக்கக் குடும்பத்தில் மூத்தவர் ஒப்புதல் தர வேண்டும். துப்பாக்கிக் காட்சி இருந்தால்தான் ஒப்புவேன் என்று சொல்லித்தான் அவர் தந்திருந்தார்.

"கோளாறு இல்லீங்க ஐயா," என்றார் இருதயராஜ். "பயந்த தொண்டை இறுகும். இறுகின தொண்டையை வார்ப்பான் ஏத்துக்காது, துப்பிடும். பல நாள் உக்காந்து, சிரிச்சு, கோவப்பட்டு, தூங்கி எழுந்து, நிதானமா பேசினாத்தான் அச்சு விழும். இந்த அச்சுல ஒரு சொட்டுப் பயம் இல்ல. பயம்னா என்னன்னே இதுக்குத் தெரியல."

கலியபெருமாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஆதிரை மெதுவாகக் கேட்டாள். "அப்போ துப்பாக்கி இருந்திருக்க முடியாது. அப்படித்தானே ஐயா?"

"என் அண்ணனைப் பத்தி இயந்திரம் சாட்சி சொல்ல வேண்டாம்."

"சித்தப்பா, நான் சொல்லட்டுமா?" என்றாள் மங்கை.

"நீ சும்மா இரு."

"எத்தனை வருஷம் சும்மா இருக்கிறது? அச்சு வார்த்தப்ப அப்பா தினமும் சாயந்திரம் பாடிக்கிட்டேதான் வீட்டுக்கு வருவார். நல்ல நாற்காலி போட்டாங்களாம். தொண்டைக்கு மிளகுப்பால் குடுத்தாங்களாம். எதிர்ல அந்தப் பேரதிபனே உக்காந்து, கண்ணை மூடிக்கிட்டு, 'அந்த வரியை இன்னொரு தரம்'னு கேட்டானாம். வானொலியில அப்பாவை யாரு அப்படிக் கேட்டாங்க? வாயிற்காப்போன் வேஷம் குடுத்து, 'மன்னா, வெளியே ஒருவர் காத்திருக்கிறார்'னு ஒரு வரி பேசிட்டுப் போகச் சொல்வாங்க. அப்பா செஞ்சது தப்பு. நான் நியாயம் பேசல. ஆனா அப்போ சந்தோஷமா இருந்தார். இல்லாத பயத்தை அவர் தொண்டையில திணிக்காதீங்க."

"நல்ல காட்சி," என்று முணுமுணுத்தாள் ஆதிரை. "அந்த மிளகுப்பால்…"

"எடுத்துப் பாருங்க," என்றார் தணிகாசலம். "மறுநாளே அச்சைப் பூட்டச் சொல்லுவேன். உங்க படம் ஊமைப் படம்."

ஆதிரை கலியபெருமாளைப் பார்த்தாள். "ஆணையம் என்ன சொல்லுது சார்?"

"ஆணையத்துக்கு வேண்டியது ஜனங்க மனசு ஆறுற மாதிரி ஒரு படம்," என்றார் அவர். பிறகு இருதயராஜ் பக்கம் திரும்பினார். "பயத்தை வெளியிலேருந்து ஏத்த முடியாதா?"

"ஒட்டு வார்ப்புன்னு ஒண்ணு இருக்கு. இன்னொருத்தர் நடுக்கத்தை மட்டும் எடுத்து முடிஞ்ச அச்சு மேல ஒட்டலாம். கூடப் பிறந்தவர் தொண்டையா இருந்தா ஒட்டு தெரியாது. ஆனா நிஜமா நடுங்கணும். நடிச்சா நடுக்கமானி கண்டுபிடிச்சிடும்."

தணிகாசலம் எழுந்தார். யாரும் கேட்கும் முன்பே கண்ணாடிக் கூண்டுக்குள் போய் அமர்ந்து, சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டார். ஒலிவாங்கியை முறைத்தபடி, "என்னை விட்டுடுங்க," என்றார்.

நடுக்கமானியின் முள் அசையவில்லை.

"ஐயா, நீங்க உத்தரவு போடுறீங்க. கெஞ்சணும்."

"நான் யார்கிட்டயும் கெஞ்சினதில்ல."

"அது முள்ளைப் பாத்தாலே தெரியுது."

மறுபடி சொன்னார். மறுபடியும். முள் கல்லாகக் கிடந்தது. அப்போது மங்கை எழுந்து வந்து, கூண்டுக்கு வெளியிலிருந்த பேசுபொத்தானை அழுத்தினாள்.

"சித்தப்பா, அறிமுக விழாவுல மேடையில என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. துப்பாக்கி இல்லைன்னு சொல்லப் போறேன். அதோட விட மாட்டேன். அப்பா அச்சு முடிஞ்ச அதே மாசம் உங்களுக்குத் துறைமுகத்துல மேலாளர் பதவி வந்ததே, அதையும் சொல்வேன். நாற்காலி அப்பாவுக்கு மட்டும் போடலைன்னு சொல்வேன்."

தணிகாசலம் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார். நேராக இருந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது.

"மங்கை… வேணாம்மா. என்னை… என்னை விட்டுடு."

முள் எல்லைவரை போய்த் துடித்தது. இருதயராஜின் விரல் தானாகவே பதிவுப் பொத்தானை அழுத்தியிருந்தது. "கிடைச்சிடுச்சு," என்று கிசுகிசுத்தாள் ஆதிரை. அப்படிச் சொன்னதற்கு உடனே வெட்கப்பட்டாள். ஆனால் அழிக்கச் சொல்லவில்லை.

ஒட்டு வார்ப்பு சற்று நேரத்தில் முடிந்தது. காட்சியை மறுபடி ஓட்டினார்கள். சபாநாயகத்தின் குரல் முதன்முறையாக நடுங்கியது. "எனக்கு… எனக்கு ஒரு பொண்ணு இருக்கா." மங்கை இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். படம் நின்றதும் பையை எடுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க சித்தப்பா. நான் மேடை ஏற மாட்டேன். இதைக் கேட்டப்புறம் என்னாலேயே அவர் பயப்படலைன்னு சொல்ல முடியாது. இனிமே அப்பா குரலும் எனக்கு இல்ல."

தணிகாசலம் ஒட்டு வார்ப்புக்கான ஒப்புதல் பலகையில் கைரேகை வைத்தார். அவர் தலையை நோக்கி எந்தத் துப்பாக்கியும் இல்லை. குடிக்கச் சூடாக ஏதோ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

படம் ஓடியது. முன்பு சபாநாயகத்தின் வீட்டு ஜன்னலில் கல்லெறிந்தவர்களும் அந்தக் காட்சியில் அழுதார்கள். பாதிக்கப்பட்டவனின் குரலைத் தடைசெய்வது என்ன நியாயம் என்று பத்திரிகைகள் கேட்டன. கலியபெருமாளின் பரிந்துரையின்பேரில் புதிய அரசு தடையை நீக்கியது. முத்திரை உடைந்த அச்சு, ஒட்டோடு, அரசின் கைக்குப் போயிற்று.

முதலில் பேருந்துகளில் அந்தக் குரல் வந்தது, பிறகு மின்தூக்கிகளில். துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த மாலை, வீட்டுச் சுவர்களிலும் வந்தது: "தயவுசெய்து… யாரும் வெளியே வராதீர்கள்." மெல்லிய நடுக்கம். பேரதிபர் காலத்தில் அந்தக் குரலுக்கு மக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கீழ்ப்படிந்தார்கள். இப்போது, பாவம், எத்தனை பயந்திருக்கிறாரோ என்று இரக்கப்பட்டுக் கதவைச் சாத்தினார்கள். தெருக்கள் முன்னைவிட விரைவாகக் காலியாயின.

தணிகாசலம் அன்று தம் வீட்டு மின்தூக்கியில் நின்றிருந்தார். பக்கத்துக் குடித்தனக்காரரிடம், "என்ன விஷயமாம்?" என்று கேட்டார். அறிவிப்புக் குரலே பக்கத்தில் பேசியதுபோல அந்த மனிதர் திடுக்கிட்டுச் சுவரைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். தணிகாசலம் வாயை மூடிக்கொண்டார். இப்போதெல்லாம் சந்தையில் அவரும் கத்தரிக்காயை விரலால் சுட்டித்தான் வாங்குகிறார், முதுகை நிமிர்த்தியபடி.

அந்த நடுக்கம் பழைய அச்சின் அடியில் இத்தனை காலம் ஒளிந்திருந்தது என்றும், துப்பாக்கியை நினைத்துச் சபாநாயகமே நடுங்கியது அது என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையல்ல. சபாநாயகம் நடுங்கவில்லை. நடுங்கியவர் தம்பி.