மட்காத துணி

அந்த மஞ்சள் துணி பெரிதாகியிருந்தது. மகள் எஃபியின் இரவுச் சட்டைக் கையிலிருந்து ரோனா வெட்டி ஊற்றங்கரை மரத்தில் கட்டியது இரண்டு விரல் அகலம்தான். ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு, விளிம்பு மடித்துத் தைத்தபடி தொங்குகிறது. மழையில் விரிந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சேற்றுப் பாதையில் இறங்கினாள்.

கில்வன்னி கிராமத்தில் யாரைக் கேட்டாலும் அந்த ஊற்றை நம்புவதில்லை என்பார்கள். ஆனால் அதைச் சுற்றியுள்ள மரங்களில் கிளை தெரியாத அளவுக்குக் கந்தல் தொங்கும். நோயாளியின் துணியை ஊற்றில் நனைத்து, சூரியன் போகும் திசையில் ஊற்றை மூன்று சுற்று வந்து மரத்தில் கட்டவேண்டும். துணி மட்க மட்க நோய் போகும். அவிழ்த்தால், அவிழ்த்தவருக்கு வந்து சேரும். ஐந்து வயது எஃபிக்கு அக்டோபரிலிருந்து இருமல். டாக்டர்கள் மூன்று முறை மருந்தை மாற்றிப் பார்த்தாயிற்று. வெட்கம் பார்க்கும் நிலையில் ரோனா இல்லை.

ரொட்டி வாங்கப் போன இடத்தில், கடைக்காரி நெட்டாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"என்ன துணிடி கட்டுன?"

"எஃபியோட நைட் டிரெஸ்தான். பாலியஸ்டர்."

"பாலியஸ்டரா? நல்லா கட்டுன போ! உன் பேத்திக்குப் பேத்தி பொறந்தாலும் அது மட்காதுடி." நெட்டா சிரித்தாள். ரோனாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "சும்மா சொன்னேன். இதையெல்லாம் இந்தக் காலத்துல யாரு நம்புறா?"

அதன்பிறகு ரோனாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினாள்; அடுப்படியில் ஈரப் பாசி வாடை அடிப்பதாகத் தோன்றி ஜன்னலைத் திறந்தாள், குளிர் எஃபிக்கு ஆகாது என்று உடனே மூடினாள், மாடியில் ஒரு இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தினமும் பாலத்தைத் தாண்டி, போர் நினைவுக் கல்லைத் தாண்டி, கூரையில்லாத பழைய தேவாலயத்தின் பின்னால் ஏறிப் போனாள். வியாழக்கிழமை துணி சட்டைக் கைபோல் முழங்கை வரை வளர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை தோள் வரை. தையல் புதிது. வீட்டில் எஃபி இளைத்துக்கொண்டே போனாள்.

சனிக்கிழமை மதியம் கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டாள். நோய் எனக்கு வரட்டும் என்று நினைத்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனாள்.

நவம்பர் இருட்டு மூன்றரைக்கே இறங்கத் தொடங்கியிருந்தது. மூடுபனியில் கந்தல்கள் சொட்டிக்கொண்டிருந்தன, காற்றே இல்லை, தூரத்தில் எங்கோ ஒரு ஆடு கத்தி ஓய்ந்தது. போன் அடித்தது. கணவன் டூகல். கையில் கத்தரிக்கோல் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு ஊற்றின் கல்விளிம்பில் வைத்தாள்.

"ரோனா! இருமல் நின்னுடுச்சு!" அவன் குரலில் அழுகையும் சிரிப்பும். "அரை மணி நேரமா ஒண்ணுமே இல்ல. எவ்ளோ நிம்மதியா தூங்குறா தெரியுமா!"

அவளுக்கும் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

மரத்தில் முழுச் சட்டை. பொத்தான்கள் போட்டிருந்தன. மார்புப் பக்கம் மேலே ஏறியது. இறங்கியது. ஏறியது.

இருமியது.

எஃபியின் இருமல். கழுத்துப்பட்டிக்கு மேலே எதுவும் இல்லை. பனி மட்டும். அங்கிருந்துதான் வந்தது.

"டூகல். அவள எழுப்பு."

"ஏன்? பாவம், இப்பத்தான் கண்ண மூடி..."

"எழுப்புடா!"

காலடிச் சத்தம். படுக்கை கிறீச்சிட்டது. "எஃபி? எஃபிக்கண்ணு, அம்மா பேசுறா பாரு." போர்வை சரசரத்தது. "எஃபி. எந்திரிடா செல்லம். எஃபி?"

கத்தரிக்கோல் சேற்றில் விழுந்தது.

"எஃபி! எஃபி!"

போனில் அப்பாவின் குரல் வந்த பக்கம், மரத்திலிருந்த சட்டை மெல்லத் திரும்பியது.