நெஞ்சுக்காவல் இல்லாத வாரம்

காபி போடும் முன் தன்ஷிகா கூடத்துக் கண்ணாடி எதிரே நின்றாள். "நெஞ்சு சீர். இன்று நல்ல நாள்," என்றது கண்ணாடி. பின்னாலேயே வந்து நின்ற நிகிலனுக்கும் அதே பதில்தான். தூத்துக்குடியில் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள் இருந்த வீடுகளிலெல்லாம் காலை இப்படித்தான் தொடங்கியது.

அவர்கள் காறையெலும்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி இருந்தது. நெஞ்சுக்காவல் என்பார்கள். பயத்திலோ சந்தோஷத்திலோ இதயம் கொஞ்சம் வேகமெடுத்தாலும் ஒரு துளி மருந்தை ரத்தத்தில் விட்டு அடக்கிவிடும். அது வந்த பிறகு மாரடைப்பைப் பற்றிப் பிள்ளைகள் பாடத்தில்தான் படித்தார்கள். நூறு வயது சாதாரணமாகிவிட்டது. இரண்டு வருடம் முன்பு மீன் வாங்கி வரும் வழியில் நிகிலனின் இதயம் தடுமாறியபோது காவல்தான் அதைப் பிடித்து நிறுத்தியது. வீட்டுக்கு வந்து அவன் மீனைக் கழுவிக்கொண்டிருக்கையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

தன்ஷிகாவும் காவலை நன்றியோடுதான் நினைத்தாள். ஆனால் பேத்தி பிறந்த அன்று கண்ணாடிச் சுவர் வழியாகக் குழந்தையைப் பார்த்தபோது அவளுக்குத் தோன்றியது ஒரே ஒரு சொல்: நல்லது. அதன்பின் கேன்டீனுக்குப் போய் இட்லி சாப்பிட்டாள். துறைமுகத்தில் ராட்சதப் பாரந்தூக்கிகளை இயக்கியவள். ஓய்வு பெற்ற இந்த நாலு வருடத்தில், நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னால் சொல்லத் தெரியாது.

அந்த மாதம் அவளுடைய கருவியை மாற்ற வேண்டியிருந்தது.

"பழசை எடுத்தாச்சு மேடம்," என்றார் டாக்டர் சஃப்ரின். "புண் ஆறினதும் புதுசு வைக்கிறேன். ஒரு வாரம்தான். அதுவரைக்கும் மாடிப்படி வேண்டாம், சண்டை வேண்டாம், சீரியல் வேண்டவே வேண்டாம்."

அவள் தலையாட்டினாள். புண் ஓரளவு ஆறியதும் ஒரு சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடந்தாள். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நெஞ்சு திடுக்கென்று குதித்தது. பயந்துபோய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. துடிப்பு தானாகவே அடங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் பழைய உப்புக் கிடங்குக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சடுகுடு சடுகுடு சடுகுடு. எட்டிப் பார்த்தாள். நரைத்த தலைப் பெண்கள் மணலில் கோடு கிழித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். உடம்பு காவலை ஏற்காதவர்கள் சிலர், வேண்டாமென்று எடுத்துவிட்டவர்கள் சிலர். அவர்களுக்குத் தலைவி மெர்லின். அறுபத்து மூன்று வயது.

"சும்மா எதுக்கு நிக்கீய? எங்களுக்கு ஒரு ஆள் குறையுது," என்றாள் மெர்லின்.

"எனக்கு ஐம்பத்தொம்பது. பள்ளிக்கூடத்துல ஆடினது."

"அப்ப எங்கள விடச் சின்னப் பிள்ளைதான். சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு வாங்க."

முதல் இரண்டு தடவையும் அவளை அமுக்கிவிட்டார்கள். மூன்றாம் தடவை பாடிப் போனபோது இருவரைத் தொட்டாள். யாரோ கணுக்காலைப் பிடித்தார்கள். மூச்சு முடியப் போனது. விழுந்தபடியே கையை நீட்டினாள். விரல்நுனி கோட்டைத் தொட்டது. எல்லாரும் கத்தினார்கள்.

மணலில் மல்லாந்து கிடந்தாள். இதயம் காதுக்குள் அடித்தது. சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினாள். பேத்தியின் முகம் கண்முன் வந்து நின்றது. மகளுக்குப் போன் போட்டாள்.

"என்னம்மா, ஏன் அழுறீங்க?"

"ஒண்ணுமில்லடி. உனக்குப் பிள்ள பிறந்திருக்குல்ல. அதான்."

"அம்மா, அவளுக்கு மூணு வயசாச்சு."

"தெரியும். இப்பத்தான் வருது."

அதன்பின் தினமும் போனாள். வாரம் முடியும் நாளில் சாப்பிடும்போது நிகிலனிடம் சொன்னாள். "நான் புதுசு வைக்கப் போறதில்ல."

அவன் கை தட்டிலேயே நின்றது. "விளையாடாத தன்ஷி. அது இல்லன்னா நான் இன்னைக்கு இங்க உக்காந்திருப்பனா?"

"இருந்திருக்க மாட்ட. உனக்கு அது வேணும். நான் குறை சொல்லல. ஆனா எனக்கு நெஞ்சுல கோளாறு ஒண்ணுமில்ல. அதுக்குப் போய் நாலு வருசமா செத்தவ மாதிரி இருந்துட்டேன்."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகலாம்தான்."

"நான் அதச் சொல்லல." அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு அழ வராது. நெஞ்சுல இருக்குற இது விடாது. நாலாம் நாள் எந்திரிச்சுக் காபி போட்டுக் குடிச்சிருவேன். அத நெனச்சா பயமா இருக்கு. அந்தப் பயமும் முழுசா வர மாட்டேங்குது."

அவள் எழுந்தாள். நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இருவரும் ஒரே தட்டில் மிச்சத்தைச் சாப்பிட்டார்கள்.

காவலை விடுவதென்றால் துணையின் சம்மதம் வேண்டும் என்பது சட்டம். சஃப்ரின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆயுசு குறையலாம். திடீர்னு ஆனா எங்களுக்குத் தகவலே வராது. யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சாச்சு டாக்டர்," என்றாள் தன்ஷிகா.

"சம்மதம்," என்றான் நிகிலன். குரல் கொஞ்சமும் அசையவில்லை. அந்தச் சொல்லுக்கு எத்தனை துளி மருந்து செலவானதோ என்று அவள் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் முதன்முறையாக உப்புக் கிடங்குக்குப் பின்னால் அவர்கள் விளையாடும் இடத்துக்கு வந்தான். குடையைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றான். தன்ஷிகா பாடிப் போனாள். நான்கு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். அவன் ஓர் அடி முன்னால் வைத்தான். அதற்குள் அவள் சிரித்துக்கொண்டே எழுந்தாள். உடம்பெல்லாம் மணல். மூச்சிரைக்க அவனிடம் வந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

சொல்ல மூச்சு இல்லை. அவனுடைய உள்ளங்கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். அது தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நிகிலன் குடையைத் தாழ்த்தினான்.

"இவ்வளவு வேகமா?"

"ம்."

"ஏ தன்ஷி, பாட வா!" என்று அந்தப் பக்கத்திலிருந்து மெர்லின் கூப்பிட்டாள். பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இரு," என்றான்.

அவள் இருந்தாள்.