வெளிச்சம் புகாத பெட்டி

கடிகாரப் பெட்டிக்குள் கையை நுழைத்த தச்சர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். ஆளைவிட உயரமான பழங்காலக் கடிகாரம் அது. இயந்திரம், பெண்டுலம், எடைக்குண்டுகள் எல்லாவற்றையும் மத்தியானமே கழற்றி மேசைமேல் வைத்தாயிற்று. மிச்சம் இருந்தது வெறும் வால்நட் மரப்பெட்டி. அதன் உட்பலகை வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியைப் போல.

வெளியே மழை. பட்டறைக்குள் ஈரமும் மரத்தூளும் பழைய மெழுகும் கலந்த வாசனை கனத்துக் கிடந்தது. ஆனாலும், அந்தப் பெட்டியைச் செய்தவன் கைக்குக் கும்பிடு போடத்தான் வேண்டும். ஒரே மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, புத்தகத்தை விரித்தாற்போல் கதவில் ஒட்டியிருந்தான். இடப்பக்கத்து வரிகள் வலப்பக்கத்தில் அப்படியே திரும்பி ஓடின. ஓர் ஆணி கிடையாது. மூலைகளில் பலகைகள் விரல் கோத்து நின்றன.

விரிசல் பார்க்க அவரிடம் ஒரு வழி உண்டு. மனைவி உள்ளே நிற்பாள். இவர் கதவைச் சாத்திவிட்டு, வெளியிலிருந்து மூட்டுகளின்மேல் டார்ச் அடித்துக்கொண்டே போவார். வெளிச்சம் கசியும் இடத்தை அவள் சொல்வாள். கல்யாணமான நாள்முதல் எத்தனையோ அலமாரிகள் இப்படித்தான் தேறின.

“ஈர்க்குச்சி, கொஞ்சம் வா.”

ஒல்லியான மனைவிக்கு அவர் வைத்த செல்லப்பெயர்.

“தொப்பை உங்களுக்கு, தண்டனை எனக்கு,” என்று சிரித்தபடி பக்கவாட்டில் நுழைந்தாள். “உள்ள சூடா இருக்குங்க. சீக்கிரம் முடிங்க.”

கதவு சத்தமில்லாமல் பொருந்திக்கொண்டது.

“தெரியுதா?”

“தெரியல.”

“இங்க?”

“இல்லையே.”

ஊசி நுழைய இடமில்லை. என்ன வேலைப்பாடு என்று அவருக்கு மனம் நிறைந்துபோயிற்று.

“எங்க போறீங்க? உங்க குரல் தூரமா கேக்குது.”

அவள் குரலும்தான் தூரத்தில் கேட்டது. கதவைத் திறந்தார்.

உள்ளே யாருமில்லை.

“சீக்கிரம் திறங்களேன். விளையாடாதீங்க.”

குரல் பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தது. தலையை உள்ளே நுழைத்தார், தடவினார். பலகை. பலகை. பலகை.

“திறந்துதாம்மா இருக்கு!”

“பொய் சொல்லாதீங்க. ஒரே இருட்டு.”

பின்பலகையைப் பெயர்த்தார். பெட்டியின் ஊடே பட்டறைச் சுவர் தெரிந்தது. நடுவில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் அவள் தட்டினாள். அழுதாள்.

உளி. சுத்தி. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

கீல் தெறித்தது. மூலை பிளந்தது. கோத்த விரல்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. கை கிழிந்து ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை. கதவு இரண்டாயிற்று. கடைசிப் பலகையும் தரையில் விழுந்தது.

மழை நின்றிருந்தது.

“வந்துட்டியா?” என்றார்.

பதில் தரையிலிருந்து வந்தது. சிதறிக் கிடந்த பலகைகள் அத்தனையிலிருந்தும்.

“ஏங்க… கதவைக் காணோம். இப்ப வரைக்கும் இங்கதான் இருந்துச்சு.”

முறிந்த இரண்டு பலகைகளை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. மறுபடி பார்த்தார்.

“இங்க இருக்குற எல்லாரும் தேடுறாங்க,” என்றாள்.

அவர் கையிலிருந்த பலகையில் யாரோ தட்டினார்கள். பிறகு பக்கத்துப் பலகையில். பிறகு எல்லாவற்றிலும்.