பேபியின் இடது கண்

செல்போன் அலறியது!

ஜானி பாஷா திடுக்கிட்டுத் தன் சட்டைப்பையைத் தடவினார். மூன்று மாதமாக எந்த போன் அடித்தாலும் அவருக்கு அப்படித்தான். மகன் பாசில் இறந்த சேதியும் ஒரு போனில்தான் வந்தது.

ஆனால், இப்போது அலறியது அவருடைய போன் இல்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் மணிமொழியின் போன்.

"ஹலோ... ஹலோ... சே, கட்டாயிடுச்சு!"

திருவண்ணாமலை தேரடி வீதியில், படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்கும் கடை அது. சுவர் முழுக்க அண்ணாமலையார். நடுவில் ஒரே ஒரு படம் மட்டும் பாசில். வயது இருபத்து மூன்று. சிரித்துக்கொண்டிருந்தான்.

"பாய், சொல்லவே கஷ்டமா இருக்கு..." மணிமொழி குரலைத் தாழ்த்தினாள். "மேலதிகாரிங்க ஃபைலை மூடச் சொல்றாங்க."

"மூடிடுவீங்களா மேடம்?"

"நாப்பத்து மூணு அம்பாசடரைப் பாத்துட்டோம். ஒண்ணுலயும் அடிபட்ட தடயம் இல்ல."

"என் புள்ளைய இடிச்சவன் ஊருக்குள்ள ஜாலியா சுத்துவான். நான் இங்க சட்டம் அடிச்சுட்டு உக்காந்திருக்கணும். அப்படித்தானே?"



மார்கழிப் பனி. அதிகாலை ஐந்தரை மணி. வேங்கிக்காலைத் தாண்டி ஒரு கிளைச் சாலை. அங்கேதான் பாசில் கிடந்தான். இடித்த வண்டி நிற்கவில்லை. 'அரை மணி நேரம் உயிர் இருந்திருக்கு... யாராவது தூக்கிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பான்' என்றார் டாக்டர். அந்தப் பாவி மனுஷன் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்! அன்றைக்குப் போன தூக்கம் பாஷாவுக்குத் திரும்பவே இல்லை.

சாலையில் கிடைத்தவை முப்பத்தொரு கண்ணாடிச் சில்லுகள். பாஷாவே உட்கார்ந்து ஒட்டினார். கண்ணாடிக்காரர் இல்லையா! விரித்த கையளவில் ஒரு வட்டம் வந்தது. ஓரத்தில் ஒரு சில்லு மட்டும் குறைந்தது.

'இது இன்னா வண்டியோடது?' என்ற கேள்விக்கு, 'அம்பாசடரோட பனி விளக்கு' என்று பதில் சொன்னவன் பாலாஜி. பாசிலின் உயிர்த் தோழன்.

பாலாஜிக்குப் பழைய கார் என்றால் பைத்தியம். சாதாரணப் பைத்தியம் இல்லை... தெருக்கோடியில் ஹார்ன் அடித்தால் வீட்டுக்குள் இருந்தபடியே மாடலையும் வருஷத்தையும் சொல்கிற பைத்தியம்! கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லில், பின்சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த 1951 பேபி ஹிந்துஸ்தான் கார் ஒன்றை அவனும் பாசிலும் வாங்கி வந்தார்கள். வேங்கிக்காலில் ஒரு ஷெட். நாலு வருஷம் துரு தேய்த்தார்கள். ஒரு திருகாணி மாறினாலும் பாலாஜிக்குச் சோறு இறங்காது. எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும்!

ஆனால் அந்த வண்டி ஓடி பாஷா பார்த்ததே இல்லை. செங்கல் மேல் நின்றது. இன்ஜின் தனியாகக் கிடந்தது.

பாசில் போனபிறகு ஷெட்டைப் பூட்டிவிட்டான் பாலாஜி. தினம் காலையில் வந்து கடை ஷட்டரைத் தூக்கிவிடுவான். பாசில் செய்த வேலைகளை இவன் செய்தான். பாஷாவுக்கு இருந்த ஒரே ஆறுதல் அவன்தான்.

"பாய், டீ!"

பாலாஜியேதான். கையில் மூன்று கிளாஸ்.

"வாப்பா. வீட்ல மஹ்பூபா உனக்கும் சேத்துதான் இட்லி கட்டிக் குடுத்திருக்கா. மொதல்ல சாப்புடு."

"அப்புறமா சாப்புடறேன் பாய்."

மறுபடியும் செல்போன் அலறியது. மணிமொழி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"பழைய கார் க்ரூப்ல நேத்து ஒரு கண்ணாடி போட்டோ போட்டது நீங்களாம்மா?" யாரோ ஒரு பெரியவர். கடுங்கோபத்தில் இருந்தார்.

"ஆமா சார். இந்த அம்பாசடர் பனி விளக்குக் கண்ணாடியை யாராவது தேடினாங்களான்னு கேட்டிருந்தேன்..."

"அம்பாசடரா? யாரும்மா சொன்னது அப்படி? ராத்திரிலேர்ந்து க்ரூப்பே கொதிச்சுக் கிடக்கு!"

"ஏன் சார்?"

"அது பனி விளக்கே இல்லம்மா! ஹெட்லைட்டு. கிரில் பக்கத்துல தாழ்வா, குட்டியா ரெண்டு இருக்கும். பேபி ஹிந்துஸ்தான்!"

பாஷாவின் கையிலிருந்த சுத்தியல் அப்படியே நின்றது.

"நிச்சயமா தெரியுமா சார்?"

"கார் கிறுக்கன் எவனைக் கேட்டாலும் தூக்கத்துல கூட சொல்லுவான்மா!"

மணிமொழி போனை அணைத்தாள். பாலாஜி டீ கிளாஸ்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"பாலாஜி... ஹார்ன் சத்தத்துல வருஷம் சொல்றவன் நீ. உன் சொந்த வண்டியோட கண்ணாடி உனக்குத் தெரியலையா?"

"மேடம்... அது வந்து..."

"உங்க வண்டிதான் ஓடாதேப்பா!" பாஷா கெஞ்சினார். "சொல்லு தம்பி! மேடம்கிட்ட சொல்லு... ஓடாதுன்னு சொல்லு!"

பாலாஜி சுவரிலிருந்த பாசிலைப் பார்த்தான். பொசுக்கென்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அன்னிக்கு ஓடிச்சு பாய்... மொத தடவ ஓடிச்சு! மறுநாள் உங்களையும் அம்மாவையும் உக்கார வெச்சு ஊரைச் சுத்திக் காட்டணும்னான். அதுக்குள்ள ஒரு ட்ரையல் பாக்கலாம்னு..."

"பாசில் எங்க இருந்தான்?" மணிமொழி கேட்டாள்.

"பனி ஜாஸ்தியா இருந்துச்சு. முன்னாடி நின்னு டார்ச் அடிச்சான். வா வான்னான்... பிரேக் புடிக்கல பாய்! சத்தியமா புடிக்கல!"

"அது விபத்துடா!" பாஷா அலறினார். "விபத்துன்னு சொல்லியிருந்தா நான் உன்னைக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேனே! ஏன்டா தூக்கிட்டுப் போகல? செத்துட்டான்னு நெனச்சியா?"

"இல்ல பாய்..." பாலாஜி தன் கையையே பார்த்தான். "என் கையைப் புடிச்சிருந்தான்."

மணிமொழி ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"அப்புறம்?"

"வண்டியிலயே தூக்கிட்டுப் போனா, போலீஸ் வந்து அத எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஸ்டேஷன் வாசல்ல பாத்திருக்கீங்க இல்ல... கேஸ் வண்டிங்க செடி மொளச்சு, துருப்புடிச்சு... நம்ம பேபி அப்படி நிக்கக் கூடாதுன்னு தோணிச்சு. ஷெட்டுல விட்டுட்டுப் பத்தே நிமிஷத்துல ஆட்டோவோட வந்துடலாம்னு ஓட்டினேன்..."

"வந்தியா?"

"பாதி வழியில வண்டி நின்னுடுச்சு. விட்டுட்டு வர மனசு வரல. தள்ளிட்டே போனேன்... திரும்பி வந்தப்ப கூட்டம் கூடியிருந்துச்சு பாய். அன்னிக்கே இன்ஜினை இறக்கிட்டேன்."

பாஷா அடிக்கவில்லை. திட்டவில்லை. இட்லிப் பொட்டலத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பாசிலைப் பெற்ற மஹ்பூபாவிடம் இதை எப்படிச் சொல்வது?

அன்று மதியமே ஷெட் திறக்கப்பட்டது. பேபியின் இடது ஹெட்லைட் வளையத்துக்குள், ரப்பரைக் கவ்விக்கொண்டு முப்பத்திரண்டாவது சில்லு இருந்தது!

ஒரு வாரம் கழித்து...

ஸ்டேஷன் வாசலில் நசுங்கிய பைக்குகளுக்கு நடுவே பேபி நின்றது. ஒற்றைக் கண்ணோடு. பாலாஜி எதற்குப் பயந்தானோ அதே இடத்தில், அதே வெயிலில்.

அதன் பக்கத்தில் ஒரு பழைய துணி, ஒரு எண்ணெய் டப்பா... ஜானி பாஷா! கதவை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கான்ஸ்டபிள் பிரகாஷ் ஓடிவந்தார். "பாய்! கேஸ் சொத்து அது! கைய வெக்காதீங்க!"

"என் புள்ள நாலு வருஷம் தேச்சது சார்... அவன் கை பட்டது இது ஒண்ணுதான் மிச்சம்."

பிரகாஷ் திகைத்துப்போய் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே மணிமொழி. கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் வழக்கம்போல அதட்டியது.

"விடுய்யா! துருப்புடிச்சா எவிடென்ஸ் கெட்டுடும்... அப்புறம் கோர்ட்டுல நீயா வந்து தேச்சுக் குடுப்ப?"